வட சென்னையில் சிபாப் இயந்திரத்துக்கு ஏற்ற தண்ணீர்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

சிபாப் என்பது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் (ஸ்லீப் ஆப்னியா) உள்ளவர்கள் இரவில் மாட்டிக்கொண்டு படுக்கும் இயந்திரம். அதோடு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்கு அவசியமில்லை. இன்றைய இயந்திரங்களின் அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்கின்றன. நம் ஊர்ப் பிளக்குக்குப் பொருந்தும் முனை ஒன்று இருந்தால் போதும். உண்மையில் அக்கறை காட்ட வேண்டியது, காற்றுக்கு ஈரமூட்டும் அதன் ஹியூமிடிஃபையர் தொட்டியில் ஊற்றும் தண்ணீரில்தான். நான் வசிக்கும் டொராண்டோவில் காய்ச்சி வடித்த நீர் நான்கு லிட்டர் கேன்களில் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. இம்முறை புது வண்ணாரப்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அதை எங்கே வாங்குவது, தொட்டியை எப்படிக் கழுவிக் காயவைப்பது, பழுது என்றால் யாரை அழைப்பது என்பதையெல்லாம் நேரில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் கணவருக்கும் அண்மையில் இதே நோய் கண்டறியப்பட்டு இயந்திரம் வாங்கியிருந்ததால், எனக்காகத் தொடங்கிய விசாரணை மாமாவுக்கும் சேர்த்து நடந்தது.

அக்கம்பக்கத்தார் மாமாவின் இயந்திரத்தை ஆக்சிஜன் மெஷின் என்றே சொல்கிறார்கள். அதில் ஆக்சிஜன் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடாதபடி, அறையில் இருக்கும் காற்றையே இழுத்துச் சீரான அழுத்தத்தில் மூக்கு வழியே அனுப்புவதுதான் அதன் வேலை. காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் சிட்னியில் வெளிப்படுத்திய முறை இது. இரவு முழுவதும் அழுத்தத்துடன் வரும் காற்று மூக்கையும் தொண்டையையும் உலர்த்திவிடும் என்பதால், தொட்டியின் உலோக அடித்தட்டைச் சூடாக்கி, அதிலுள்ள தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டபடி காற்றைச் செலுத்தி ஈரப்பதம் ஏற்றுகிறார்கள். தண்ணீர் ஆவியாக மட்டுமே மேலே போகும். அதில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். இரவுக்கு இரவு அது அடித்தட்டில் படிந்துகொண்டே வரும். அந்தப் படிவு சூடு ஏறுவதைத் தடுப்பதோடு, வெதுவெதுப்பான ஈரத்தில் கிருமிகள் ஒட்டி வளர்வதற்கும் இடம் கொடுக்கிறது.

மாமாவின் தொட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இதைக் கண்ணால் கண்டேன். உலோகத் தட்டின் ஓரம் நெடுகிலும் வெண்மையான பொருக்கு வளையமாகப் படிந்திருந்தது; நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. மூடியின் ரப்பர் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு வழுவழுப்பு இருந்தது. அவர் கேன் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தார். காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டுவதில்லை. குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. “குடிக்கிற தண்ணிதானேம்மா, அதுல என்ன வந்துடப் போகுது?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். குடிக்கும் தண்ணீரில் உப்பு இருப்பது குற்றமில்லை. இந்தியக் குடிநீர்த் தரமே ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகளை ஏற்கிறது. வயிற்றுக்கு அது சரி. இரவெல்லாம் சூடாகி வற்றும் தொட்டிக்குத்தான் அது ஒத்துவராது.

வீட்டில் வேறு தண்ணீர்களும் உண்டு. இப்பகுதிக்கு மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது புழல் ஏரி நீரும், காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் நீரும்தான். கடலோரத்து போர்வெல் நீரின் உவர்ப்பைப் பற்றி வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்க வைத்து ஆறவைத்த நீர் போதாதா என்று அக்கா கேட்டார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

முதலில் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டதும், ஊசி மருந்து கரைக்கும் 10 மில்லி குப்பிகளை எடுத்து வைத்தார்கள். என் தொட்டியின் கொள்ளளவு 380 மில்லி என்பதால், ஒரு முறை நிரப்ப 38 குப்பிகளை உடைக்க வேண்டியிருக்கும். பெரிய பாட்டில் கேட்டபோது அரை லிட்டர் பாட்டில் ஒன்று வந்தது. லேபிளைப் படித்தால் அது நார்மல் சலைன். இந்த இடத்தில் எல்லோரும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சலைன் பாட்டிலும் சுத்த நீர்ப் பாட்டிலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. கடைக்காரர் தவறான நோக்கத்தில் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே அதைத்தான் கேட்பார்கள் என்ற பழக்கத்தில் கொடுத்தார்.

அடுத்ததாக டி.எச். சாலையில் ஒரு பேட்டரி கடை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையே சிபாப்பிலும் ஊற்றலாம் என்று நம் ஊரில் பலர் சொல்கிறார்கள், சிலர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் வருகிறார்கள். அந்தக் கடையில் நீல டிரம்மிலிருந்து குழாய் வைத்துப் பழைய கேன்களில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி நீருக்கென்று ஐ.எஸ். 1069 என்ற இந்தியத் தரம் உண்டு. ஆனால் அது பேட்டரியின் நலனுக்காக வகுக்கப்பட்டதே தவிர, நுரையீரலை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. கடைகளில் விற்கும் பேட்டரி நீரில் பெரும்பகுதி காய்ச்சி வடித்ததும் அல்ல, ரெசின் வழியாக உப்பு நீக்கியது. அம்முறை கிருமிகளை அகற்றுவதற்கானதல்ல. எதற்கு என்று நான் சொன்னதும் கடைக்காரர், “மூச்சு இழுக்கற மெஷினுக்கு இது வேணாம்மா, சர்ஜிக்கல் கடையில கேட்டுப் பாருங்க” என்று சொல்லி, காசு வாங்க மறுத்துவிட்டார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சர்ஜிக்கல் கடைகள் என்றால் பூங்கா நகர் நைனியப்பன் நாயக்கன் தெருப் பக்கம்தான். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக நடந்தே போய்விடலாம்; 2021இல் விம்கோ நகர் வரை பாதை நீட்டிக்கப்பட்டதிலிருந்து இந்தப் பயணம் எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதை அந்தக் காலத்துப் பாரிமுனைப் பேருந்து நெரிசலில் வளர்ந்தவர்கள் உணர்வார்கள். அங்கே ஒரு கடையில் கல்லாவில் இருந்த பெண்மணி கேட்ட முதல் கேள்வியே, “எதுக்கு மேடம், புண்ணு கழுவவா, மெஷினுக்கா?” என்பதுதான். மெஷினுக்கு என்றதும், ஸ்டெரைல் வாட்டர் ஃபார் இரிகேஷன் என்று அச்சிட்ட பாட்டிலை எடுத்து, சலைன் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து, இரண்டு லேபிள்களையும் விரலால் சுட்டிக் காட்டினார். உப்பும் இல்லாமல் கிருமியும் இல்லாமல் மருந்தகத் தரத்தில் அடைக்கப்பட்ட நீர் அது. பேட்டரி நீரைவிட விலை கூடத்தான். ஆனாலும் பெட்டியாக எடுத்தால் விலை குறைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கே அனுப்பிவைக்கவும் ஏற்பாடு இருந்தது. பாட்டிலைத் திறந்துவிட்டால் அதைக் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் உள்ளே கிடையாது; மூடி வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும், எடுத்துக் குடித்துவிடக்கூடிய பிள்ளைகளின் கைக்கு எட்டாமலும் வைக்க வேண்டும் என்றும் அவரே சொல்லி அனுப்பினார்.

கழுவும் முறையை அக்காவின் சமையலறையில் வைத்து மாமாவுக்குக் காட்டினேன். தினமும் காலையில் தொட்டியை இயந்திரத்திலிருந்து கழற்றி மீதி நீரைக் கொட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது வெதுவெதுப்பான நீரும் மணமில்லாத மென்மையான சோப்புத் திரவமும் கொண்டு தொட்டி, டியூப், மாஸ்க் மூன்றையும் கழுவ வேண்டும். கழுவுவதற்குக் குழாய் நீரே போதும்; கடைசியாக ஒரு முறை அலசுவதற்கு மட்டும் அந்தச் சுத்த நீரில் சிறிது ஊற்றிக்கொள்வது என் வழக்கம். பொருக்குக்கு வினிகர்தான் மருந்து. ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கலவையில் ஊறவிட்டுக் கழுவினோம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவது மாதிரி என்று அக்கா உடனே பிடித்துக்கொண்டார். மாமாவின் தொட்டியில் படிவு ஆழமாக இருந்ததால் ஒரே ஊறலில் போகவில்லை. பொறுமையாகத் திரும்பத் திரும்ப ஊறவிட்டதில்தான் உலோகத்தின் பளபளப்பு தெரிந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரையோ கம்பியையோ எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் கீறல்கள் கிருமிகளுக்கு மறைவிடமாகிவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

சளி பிடித்தபோது நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டதாக மாமா சொன்னார். ஆவி பிடிக்கும் பழக்கத்தில் வந்த யோசனை அது. எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் அந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. அழுத்தத்துடன் அது நேராக நுரையீரலுக்குள் இறங்கும், பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

காயவைப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் எதுவும் எளிதில் உலர்வதில்லை. அதற்காக மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் கெட்டுப்போகும், மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் படியும். சுத்தமான பருத்தித் துணியில் கவிழ்த்து வைத்து, உள்ளே மின்விசிறிக் காற்றில் உலரவிடுவதே நல்லது. இந்தத் தூசியின் காரணமாக இயந்திரத்தின் ஃபில்டரையும் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். டொராண்டோவில் நெடுநாள் வெளுப்பாகவே இருக்கும் ஃபில்டர் இங்கே விரைவில் சாம்பல் நிறமாகிவிடுகிறது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் அளித்தது மாமாவுக்கு இயந்திரம் விற்ற டீலரின் போக்கு. வீட்டுக்கு வந்த ஊழியர் அழுத்தத்தை அமைத்து, மாஸ்க்கை மாட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தண்ணீரைப் பற்றியோ கழுவுவதைப் பற்றியோ ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த கையேட்டில் தமிழ் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, கேன் தண்ணீரே போதும் என்று ஒருவரும், தொட்டி மட்டும் தனியாகக் கிடைக்காது, ஹியூமிடிஃபையர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டுமே தவறு. அழுத்திக் கேட்ட பிறகு வந்த டெக்னீஷியன் நல்ல பிள்ளை. தொட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்து, ரப்பர் விளிம்பில் காற்று கசிகிறதா என்று கையை வைத்துச் சோதித்து, மாமா கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். ஆனால் போகும்போது, கழுவும் வேலையே இல்லாமல் செய்யும் ஓசோன் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். நிறுவனம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கும். ஓசோனால் சிபாப்பைச் சுத்தம் செய்யும் கருவிகளுக்குத் தாங்கள் அதுவரை அனுமதி அளித்திருக்கவில்லை என்று, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 பிப்ரவரியில் எச்சரித்திருந்தது. நாங்கள் வாங்கவில்லை. ஒரு லட்சத்தை நெருங்கும் விலையிலும் விற்கப்படும் இத்தகைய இயந்திரங்களோடு, எந்தத் தண்ணீர் ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரே ஒரு தாளைச் சேர்த்துக் கொடுப்பது டீலர்களுக்குப் பெரிய செலவில்லை. மூக்கு வறண்டு நாற்றமும் அடிக்கிறது என்று மாமா சில இரவுகள் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்ததற்கு அந்தத் தாள் இல்லாததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஏசி அறையில் படுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டியூபுக்குள் நீர்த்துளிகள் சேர்ந்து முகத்தில் தெறித்தால், ஈரப்பத அளவைக் குறைத்து, டியூபைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் சரியாகும். ஏசி இல்லாத அறையில் சென்னைக் காற்றின் ஈரமே பெருமளவு உதவும் என்பதால் என் வழக்கமான அளவில் பாதிகூடத் தேவைப்படவில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். மின்சாரத்தை அதிகம் இழுப்பது அந்தச் சூடேற்றும் தட்டுதான்.

திரும்பும் நாளில் தொட்டியை முழுவதும் காலி செய்து, துடைத்துத் தனியே எடுத்து வைத்தேன்; நீரோடு இயந்திரத்தைச் சாய்த்தால் அது மோட்டாருக்குள் இறங்கிவிடும். இயந்திரத்தை எப்போதும் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். திறக்காத பாட்டில்களை மாமாவிடம் கொடுத்துவிட்டு, பூங்கா நகர் கடையின் எண்ணை அவருடைய போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அடுத்த பெட்டிக்கு அவரே பேசிச் சொல்லிவிட்டார்.