பைப் பட்டி போடக் கொடுக்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்களில் சிலர் முள்வேலியை எடுத்துவிட்டு இரும்பு பைப்பில் பட்டி போட்டு வருகிறார்கள். நல்ல யோசனைதான், நானும் போட்டேன். ஆனால் எனக்கு வேலை செய்து கொடுத்த கான்ட்ராக்டர் செய்தது அப்பட்டமான ஏமாற்று. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் புலிக்குளம் மாடுகள். கிடையில் வளரும் இனம், மிரண்டால் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளும். சிராவயல் மஞ்சுவிரட்டில் இந்த மாடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். அதனால் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் தெளிவாகப் பேசினேன். இரண்டு இஞ்ச் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். கனத்தில் பி கிளாஸ், ஏ மெல்லியது, சி தடித்தது, பி நடுத்தரம். ஒவ்வொரு காலும் 8 அடி, அதில் 3 அடி மண்ணுக்குள் கான்கிரீட்டில். படுக்கை பைப்புகள் காலுக்கு உள்பக்கம். கொட்டகைத் தரை சொரசொரப்பாக, கோடு கிழித்து. இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு, "சரிண்ணே, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்" என்று பதிலும் வந்தது. பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன்.

வேலை முடிந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளி நிறத்தில் பளபளவென்று, மேல்மட்டம் நூல் பிடித்தது போல நேராக. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி பலமாக இடி இடித்தது. மாடுகள் மிரண்டு வடக்குப் பக்கம் ஒதுங்கியதும் அந்தப் பக்கத்துக் கால்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. பக்கத்து வயலில் நட்ட நாற்று மிதிபட்டது, அதற்கு நஷ்டஈடு கொடுத்தோம். அது பரவாயில்லை. ஒரு சினை மாட்டின் பின்னங்கால் சாய்ந்த பைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, விடியும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது. தோல் உரிந்து சதை தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சாய்ந்த காலைப் பிடுங்கினோம். 3 அடி எங்கே, ஒரு அடிதான் இருந்தது! அடியில் தேங்காய் அளவுக்கு ஒரு கான்கிரீட் உருண்டை. கையால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. சிமெண்ட் பேருக்குத்தான், மிச்சமெல்லாம் கிரஷர் தூசி. எங்கள் பக்கம் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே செம்புறாங்கல் வந்துவிடும், கடப்பாரை எகிறும். பிரேக்கர் வைத்து உடைத்தால்தான் ஆழம் கிடைக்கும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க, கல் தட்டிய இடத்தோடு குழியை நிறுத்திவிட்டு, பைப்பின் அடிப்பக்கத்தை அறுத்து உயரத்தைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மேல்மட்டம் அவ்வளவு நேராக இருந்ததன் காரணம் அதுதான். அறுத்த துண்டுகளும் அவர்கள் வண்டியிலேயே போய்விட்டன. குழி மூடிய சமயம் அம்மாவின் வைத்தியத்துக்காக நான் மதுரையில் இருந்தேன்.

அடுத்து பைப். ஒரு மீட்டர் அளவுக்கு அறுத்து எடுத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். இரண்டு இஞ்ச் பி கிளாஸ் பைப்பின் கனம் 3.6 மில்லிமீட்டர், மீட்டருக்கு 5 கிலோ வர வேண்டும். முழு 6 மீட்டர் பைப் என்றால் சுமார் 30 கிலோ. இது இரண்டரைக் கிலோகூட வரவில்லை. பி கிளாஸை விடுங்கள், ஏ கிளாஸ்கூட மீட்டருக்கு 4 கிலோ இருக்கும். அறுபட்ட வாயைப் பார்த்தாலே தெரிந்தது, நாற்காலி செய்கிற மெல்லிய கறுப்பு பைப். மேலே சில்வர் பெயிண்ட் அடித்து ஜிஐ என்று சொல்லியிருக்கிறார். ஆணியால் கீறினால் பெயிண்ட் சுருளாக உரிந்து வருகிறது, உள்ளே துரு. உண்மையான துத்தநாகப் பூச்சு அப்படி உரியாது. மாட்டு மூத்திரமும் சாணமும் படுகிற தரைமட்டத்தில்தான் இரும்பு முதலில் அரிக்கும். நல்ல ஜிஐ பைப்புக்கே அந்த இடத்தில் கான்கிரீட்டைத் தரைக்கு மேலே நாலு இஞ்ச் எழுப்பி, தண்ணீர் வழிந்தோடச் சரிவாகப் பூச வேண்டும். இந்தத் தகர பைப் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

இதை முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கிறது. தயவுசெய்து இதை மட்டும் செய்துவிடுங்கள். பைப் வந்து இறங்கும்போது பெயிண்ட் எதுவும் அடித்திருக்கக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் வண்ணப் பட்டையும் தெரிய வேண்டும்: ஏ கிளாஸுக்கு மஞ்சள், பி கிளாஸுக்கு நீலம், சி கிளாஸுக்குச் சிவப்பு. ஒரு பைப்பைத் தூக்கி எடை போடுங்கள். "பெயிண்ட் அடிச்சே கொண்டு வந்துடுறேண்ணே, உங்களுக்கு வேலை மிச்சம்" என்று சொல்லும் ஆளிடம் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும் என்பதால் அங்கே மட்டும் சிங்க் பெயிண்ட் தேவைப்படும், அது வேறு விஷயம். குழிகளை மூடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் அளவுகோலை விட்டு போட்டோ எடுங்கள். நீங்கள் ஊரில் இல்லையென்றால் வீட்டில் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள்.

படுக்கை பைப்புகளையும் வெளிப்பக்கம் வைத்திருந்தார். கேட்டதற்கு, ரோட்டிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்றார். மாடு உள்ளேயிருந்துதான் தள்ளும். பைப் உள்பக்கம் இருந்தால் தள்ளுகிற பாரத்தைக் கால் தாங்கும். வெளிப்பக்கம் இருந்தால் பாரம் முழுக்க வெல்டிங்கில் விழுந்து பிய்த்துக்கொள்ளும். வீட்டுக்கு கேட் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நான் எழுதியே கொடுத்திருந்தேனே.

தரையை நீத்துப் பூசி வழவழவென்று ஆக்கிவிட்டார். ஜெர்சி மாடு பின்னங்கால்கள் விரிந்து இரண்டு தடவை விழுந்தது. வாட்டம் தீவனத் தொட்டியைப் பார்த்து இருக்கிறது, மூத்திரம் அங்கேயே தேங்கி மாடு அதிலேயே படுக்கிறது. ஈரத்தில் படுத்தால் மடிநோய்க்கு அதுவே வாசல். பத்து அடிக்கு மூன்று இஞ்ச் வாட்டம், தொட்டியிலிருந்து பின்பக்க வாய்க்காலை நோக்கி, அவ்வளவுதான் நான் கேட்டது. கோமாரித் தடுப்பூசி போட மாட்டை நிறுத்தும் சட்டத்தை இரண்டரை அடி அகலத்துக்குச் சொன்னால், மாடு உள்ளேயே திரும்பி நிற்கிற அளவுக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஊசி போட வந்த கால்நடை உதவியாளர் நல்லவேளை உதைபடாமல் தப்பினார்.

போன் செய்தால் முதலில் "மழைக்கு யாருண்ணே பொறுப்பு?" என்றார், அப்புறம் எடுப்பதே இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்டபோதெல்லாம் "கடைசியில மொத்தமா தர்றேன்" என்று சொன்னவர் தரவேயில்லை. ஆனாலும் வங்கி வழியாகப் பணம் அனுப்பியதற்கும் வாட்ஸ்அப் பேச்சுக்கும் ஆதாரம் இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக மாடு வளர்ப்பவர் 2019ஆம் வருஷச் சட்டப்படி நுகர்வோர்தான். வியாபாரம் என்று யாராவது பயமுறுத்தினால் விட்டுவிடாதீர்கள்.

மூலைகளுக்கு இப்போது கல்லுக்கால் நட்டுவிட்டோம், பிரேக்கர் வைத்து 3 அடி தோண்டி, நான் பக்கத்திலேயே நின்று. தரையில் மிஷின் வைத்துக் கோடு போட்டாயிற்று, வாட்டத்தை மாற்றும் வேலை பாக்கி. அந்த மாட்டின் காலில் புண் ஆறி வருகிறது. அதே ஆள் தேவகோட்டைப் பக்கம் இன்னொரு பட்டி வேலைக்கு அளவெடுத்துப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீட்டுக்காரர் இதைப் படித்தால் தனிச்செய்தியில் கேளுங்கள், பிடுங்கிய கால்களை எடைக்குப் போடாமல் வழக்குக்காக வைத்திருக்கிறேன், நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.