ஏரியாவா, சர்ஃபேஸா? ஒரு ஜெர்மன் அகராதி ஆப்பும் என் இரண்டு நட்சத்திரமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு கட்டி வாங்கிய இந்த ஜெர்மன்–ஆங்கில அகராதி ஆப்புக்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இதே குறையை வேறு ஆப்களிலும் பார்த்திருக்கிறேன், ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமில்லை. வேகமாகத் திறக்கிறது, நெட் இல்லாமலும் ஓடுகிறது, உச்சரிப்பு சுத்தம். அந்த இரண்டு நட்சத்திரமும் இதற்குத்தான்.

பிரச்சினை ஒரே சொல்லில் தொடங்கியது: ஃப்ளெஷெ. (நடுவில் வரும் ஒலி ஷவும் இல்லை, ஹவும் இல்லை, தமிழில் இதற்கு மேல் எழுத முடியவில்லை.) ஜெர்மனியில் மாடி அறைபோல் கூரைக்கு அடியில் இருக்கும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்த நண்பர், ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் போட்டுத் தரச் சொன்னார். அதில் 'வோன்ஃப்ளெஷெ' என்று போட்டு ஒரு சதுர மீட்டர் கணக்கு இருந்தது. வோனென் என்றால் குடியிருப்பது, அது தெரியும். ஃப்ளெஷெவை ஆப்பில் தட்டினால் முதலில் சர்ஃபேஸ், அடுத்து ஏரியா, வேறு விளக்கம் கிடையாது. நானும் முதலாவதை நம்பி 'லிவிங் சர்ஃபேஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சுவரைச் சொல்கிறார்களா, தரையைச் சொல்கிறார்களா என்று அவர் கேட்டபோதுதான் உறைத்தது.

ஆங்கிலத்தில் சர்ஃபேஸ் என்பது தொட, துடைக்க, கீறல் விழ இடம் தரும் மேல்பக்கம், சதுர மீட்டரில் சொல்லும் அளவு ஏரியா. இரண்டையும் ஒட்டி 'சர்ஃபேஸ் ஏரியா' என்று சொல்ல வேண்டிவருவதே அதனால்தான். ஜெர்மன்காரர்களுக்கு ஃப்ளெஷெ என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். மேல்பக்கம் என்று குறிப்பாகச் சொல்ல 'ஓபர்' சேர்த்து ஓபர்ஃப்ளெஷெ, அளவு என்று குறிப்பாகச் சொல்ல உள்ளடக்கம் என்ற பொருளுள்ள 'இன்ஹால்ட்' சேர்த்து ஃப்ளெஷென்இன்ஹால்ட். அட, இது நம்மிடம் அப்படியே இருக்கிறதே! பரப்பு, மேற்பரப்பு, பரப்பளவு. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் ஒரு நிமிட வேலை, ஆங்கிலம் வழியாகப் போய்த் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன். பக்கம் 3 செ.மீ. உள்ள கனசதுரத்தின் ஓபர்ஃப்ளெஷெ 54 சதுர செ.மீ. என்று ஒரு ஜெர்மன் பிள்ளை எழுதினால் அது சரியான விடை. அதை வெறும் சர்ஃபேஸ் என்று மாற்றினால் ஆங்கிலத்தில் பாதி வாக்கியம்தான் நிற்கும்.

சரி, அதையெல்லாம் மன்னிக்கலாம். வோன்ஃப்ளெஷெவுக்கும் குருண்ட்ஃப்ளெஷெவுக்கும் இந்த ஆப் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொடுத்திருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நண்பர் டேப் எடுத்துத் தரையை அளந்திருக்கிறார், ஒப்பந்தத்தில் இருப்பதைவிட அதிகமாக வருகிறது, வீட்டுக்காரர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். தப்பே இல்லை. ஜெர்மனியில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் வோன்ஃப்ளெஷெ விதிமுறைப்படி, கூரை உயரம் 2 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் இடம் முழுசாகக் கணக்கில் வரும், 1 மீட்டர் முதல் 2 மீட்டருக்குள் என்றால் பாதி, 1 மீட்டருக்கும் கீழே என்றால் கணக்கிலேயே இல்லை. பால்கனி பொதுவாகக் கால் பங்கு. அவர் அறையில் சரிந்த கூரைக்கு அடியில், கட்டிலைத் தள்ளிவைத்திருக்கும் பக்கம், 4 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் அகலத்தில் குனிந்து நிற்கும்படியான இடம் இருக்கிறது. டேப்புக்கு அது 4 சதுர மீட்டர், ஒப்பந்தத்துக்கு 2. தரையை உள்ளபடி அளந்தால் வருவது குருண்ட்ஃப்ளெஷெ, சட்டம் கழித்துக் கொடுத்தது வோன்ஃப்ளெஷெ. இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரிக் குறிப்பு போட என்ன கேடு?

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஏரியா என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் ஃப்ளெஷெ, கெபீட், பெராய்ஷ், கேகென்ட், ராவ்ம் என்று ரேஷன் வரிசை மாதிரி நிற்கின்றன, எதை எங்கே போடுவது என்று சொல்ல ஆள் இல்லை. இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவே வராது. கெபீட் 'கட்டளையிடு' என்ற வினையிலிருந்து வந்தது, அதாவது ஒருவர் ஆணை செல்லும் நிலப்பகுதி. இன்று ஒருவர் கைதேர்ந்த துறைக்கும் அதே சொல்தான். பெராய்ஷ் 'எட்டு' என்பதிலிருந்து, கை எட்டும் வரை உள்ள வட்டம். கேகென்ட் எதிரே விரிந்து கிடப்பது, பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றைப் பார்த்து வார்த்தது, அதே பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கன்ட்ரி' ஆனது. 'நம்ம ஏரியா' என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது இந்த கேகென்ட்தான், சதுர மீட்டர் இல்லை. ஏரியா என்ற சொல்லே லத்தீனில் வெட்டவெளியான சமதரையையும், கதிரடிக்கும் இடத்தையும் குறித்தது. களம்! களத்துமேட்டிலிருந்து போர்க்களம் வரை நாம் இழுத்துக்கொண்டு வந்த அதே சொல். இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இவ்வளவும் இந்த ஆப் சொன்னதில்லை. பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் அகாடமி நடத்தும் டி.டபிள்யு.டி.எஸ். என்ற இணைய அகராதியில் கிடைக்கும், இலவசமாக. சொல் பிறந்த கதை இருக்கிறது, எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வரும் என்று காட்டுகிறது. குறை என்றால் எல்லாமே ஜெர்மனில், ஆரம்பநிலையில் இருப்பவர்கள் திணறுவார்கள். ஆனாலும் ஃப்ளெஷென்லாண்ட் மாதிரி ஒரு சொல் வந்தால் அங்கேதான் போக வேண்டும். ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் மூன்றும் நகர மாநிலங்கள், மீதி 13க்கும் அந்தப் பெயர். ஆப்பில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஆப்பை ஜெர்மனுக்கு மாற்றினால் செட்டிங்ஸில், திரையின் தோற்றத்தை மாற்றும் இடத்தில், ஓபர்ஃப்ளெஷெ என்று எழுதியிருக்கிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் ஆங்கிலம் 'இன்டர்ஃபேஸ்' என்பதை ஜெர்மன் அப்படித்தான் சொல்லும். அதே ஆப்பின் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினால் இந்தப் பொருள் இல்லை. தன் நெற்றியில் ஒட்டியிருக்கும் சொல்லுக்கே பொருள் தெரியாத அகராதி!

கருத்துப் பெட்டியில் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அடுத்த அப்டேட்டில் ஃப்ளெஷெவுக்கு ஏரியா முதலில், சர்ஃபேஸ் இரண்டாவது என்று இடம் மாற்றியிருக்கிறார்கள். நட்சத்திரத்தை நான் மாற்றவில்லை.