கோப்பியின் கம்பளி ஜெர்ஸி: ஆறு மாதம் போட்டுப் பார்த்தபின்

இத்தாலியச் சைக்கிள் வீரர் ஃபௌஸ்டோ கோப்பி 1949இல் போட்ட பியாங்கி அணி ஜெர்ஸியை அதே மாதிரி கம்பளியில் தைத்து விற்கும் ஒரு சின்னக் கடையில், ஆன்லைனில் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மழை, வெயில், மலை எல்லாவற்றிலும் போட்டாயிற்று. வாங்கலாம், ஆனால் அளவில் கவனம் வேண்டும்.

முதலில் நிறம். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத அந்த வெளிர் நிறத்துக்காகத்தான் வாங்கினேன், ஏமாற்றவில்லை. இந்த நிறத்துக்கு ஒரு கதை உண்டு. 1949 ஜூன் 10, இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் ஜீரோ (Giro) சைக்கிள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம்: கூனியோவிலிருந்து பினெரோலோவுக்கு 254 கிலோமீட்டர், ஐந்து மலைக் கணவாய்கள். முதல் கணவாயிலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்த கோப்பி மீதி 192 கிலோமீட்டரையும் ஒற்றை ஆளாக ஓட்டினார். ரேடியோவில் வர்ணனையாளர் மாரியோ ஃபெர்ரெட்டி சொன்னது இன்றும் இத்தாலியர்களுக்கு மனப்பாடம்: "ஒரே ஒருவர் முன்னால் போகிறார், அவர் சட்டை வெள்ளையும் வான்நீலமும், அவர் பெயர் ஃபௌஸ்டோ கோப்பி." இரண்டாவதாக வந்த இன்னொரு இத்தாலிய வீரர் பார்த்தாலி 11 நிமிடம் 52 விநாடி பின்தங்கியிருந்தார். ஆளைச் சொல்வதற்கு முன்னால் சட்டையைச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்!

கம்பளி என்றால் வெந்துபோவோம் என்று பயந்தேன், அப்படி இல்லை. வியர்வையை உறிஞ்சிக்கொள்கிறது, நாற்றம் பிடிப்பதில்லை. ஒருநாள் ஏற்றத்தில் நன்றாக நனைந்து, இறக்கத்தில் குளிர்காற்று முகத்தில் அறைந்தபோதும் நெஞ்சு சில்லிடவில்லை. ஆனால் நனைந்தால் கனக்கிறது. மார்பில் பொத்தான் வைத்த இரண்டு பைகள் உண்டு, அதில் வாழைப்பழம் போட்டுக் குனிந்தால் முன்னால் தொங்கி முட்டி வரை ஆடுகிறது. இதைப் போட்டுக்கொண்டு மண்ணும் கல்லுமான அந்தக் காலத்துச் சாலைகளில் ஐந்து கணவாய் ஏறியிருக்கிறார் மனிதர்.

பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்திருந்தார்கள்: கோப்பி வென்றவை, ஜீரோ 5 முறை, டூர் தெ பிரான்ஸ் 2 முறை. அதோடு சரி. இது எனக்குப் போதவில்லை. இத்தாலியின் நோவி லிகூரே ஊரில் ஒரு இறைச்சிக் கடைக்குச் சைக்கிளில் சரக்குக் கொண்டுபோன பையன் கோப்பி, 20 வயதில் 1940 ஜீரோவை வென்றார். 1942இல் மிலானில், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனையையும் படைத்தார். அடுத்த வருடமே போருக்குப் போய் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டுப் போர்க்கைதி ஆனார். இரண்டாவது ஜீரோ 1947இல்தான். ஒரு வீரனின் நல்ல வயது அப்படியே போரில் போயிற்று. 1960 ஜனவரி 2, மலேரியாவில் இறந்தார், 40 வயது. அந்த அட்டையில் இதற்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அப்புறம் குறைகள். இரண்டாவது துவைப்பிலேயே மார்பு எழுத்தில் ஒன்று தையல் விட்டது, கடைக்கு எழுதினேன், பதிலே இல்லை, நானே ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொண்டேன். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, கொடியில் போடாமல் துண்டின் மேல் விரித்துக் காயவையுங்கள், கொடியில் தொங்கினால் நீண்டுவிடும்.