தெற்கு ஒசேட்டியாவும் அப்காசியாவும்: ரஷ்யாவோடு சேர்வதா, தனித்து நிற்பதா?

இரண்டுமே காகசஸ் மலைப்பகுதியில் உள்ள ஜார்ஜியா நாட்டிடமிருந்து பிரிந்தவை. 2008 ரஷ்ய-ஜார்ஜியப் போருக்குப் பின் ரஷ்யா இரண்டையும் தனிநாடுகளாக அங்கீகரித்தது. ஜார்ஜியாவோ இன்றும் இதை ரஷ்ய ஆக்கிரமிப்பு என்றே சொல்கிறது. ஆனால் இணைப்பு என்றதும் இரண்டும் வேறு பக்கம் திரும்புகின்றன.

தெற்கு ஒசேட்டியர்களுக்கு மலைக்கு அப்பால், ரஷ்யாவுக்குள் இருக்கும் வடக்கு ஒசேட்டியாவில் சொந்தபந்தம் உண்டு; நடுவில் ரோக்கி சுரங்கப்பாதை. அதனால் சேரும் ஆசை பழையது. 2022-இல் அதிபர் பிபிலோவ், தேர்தலில் தோற்ற பிறகும், ஜூலை 17 அன்று ரஷ்யாவோடு சேர்வது பற்றிப் பொது வாக்கெடுப்பு என்று உத்தரவிட்டார். அடுத்து வந்த காக்லோயெவ் மே மாத இறுதியிலேயே அதை நிறுத்திவைத்தார். முதலில் மாஸ்கோவிடம் பேச வேண்டுமாம்!

அப்காசியா வேறு ரகம். கருங்கடல் கரை, சுற்றுலா வருமானம், வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை. ரஷ்ய முதலீட்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கூட்டம் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே புகுந்தது. அதிபர் ப்ஜானியா பதவி விலகினார். ரஷ்யப் பணம் சரி, நிலத்தில் மட்டும் கை வைக்காதே என்பது அவர்கள் கணக்கு. கெட்டிக்காரத்தனம்தான், எத்தனை நாள் செல்லும் என்பது வேறு விஷயம்.