கிராவல் இறக்கும் முன் டிப்பர் பெட்டியை அளந்து பாருங்கள் – எங்களுக்கு நடந்தது

சேலம் பக்கம் மனையில் வேலை ஆரம்பிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்களுக்கு 30க்கு 40 மனை. 2024 ஜூலையில் வந்ததே, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறை, அதில் பிளான் அப்ரூவல் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் முள்ளு வாரி, மேடு பள்ளம் தட்டி, ரோடு மட்டத்துக்கு மூன்றடி கிராவல் அடிக்கும் வேலையை ஒருவரிடம் மொத்தமாக விட்டுவிட்டோம். “நீங்க டியூட்டிக்குப் போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்” என்றார். நாங்களும் போய்விட்டோம்.

22 லோடு, லோடுக்கு 3 யூனிட், ஆக 66 யூனிட், யூனிட் 2,200 ரூபாய் என்று பில் வந்தது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 1,200 சதுர அடியை மூன்றடி ஏற்ற 36 யூனிட் போதும், அமுங்குவதற்குச் சேர்த்தாலும் 45. இந்தக் கணக்கை நான் பணம் கொடுத்த பிறகுதான் போட்டேன். அப்புறம் அதே டிப்பர் பக்கத்துத் தெருவில் நின்றபோது டேப் பிடித்துப் பார்த்தால் நீளம் பத்தடி, அகலம் ஏழடி, உயரம் மூன்றடிக்கும் குறைவு. இரண்டு யூனிட்தான் பிடிக்கும். வராத 22 யூனிட்டுக்கு 48,400 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைக்காலுக்கு வாணம் (குழி) தோண்டிய அன்றுதான் வயிறு எரிந்தது. மேலே ஒரு சாண் சிவப்புக் கிராவல், அதற்குக் கீழே இடித்த வீட்டுக் கழிவு. சுண்ணாம்புக் காரை, நீலப் பூப் போட்ட பாத்ரூம் டைல்ஸ், கரையான் அரித்த சன்னல் கட்டை. ஒரு சிமெண்ட் சாக்கைப் பிடித்து இழுத்தேன், அது நீண்டுகொண்டே வந்தது, கூடவே வாணத்தின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. “கடைக்கால் அடிமண்ணுக்குப் போயிடும், அது நிக்கும். தரை நிக்காதுங்க, இறங்கிரும்” என்றார் கொத்தனார். எதிர்வீட்டுப் பாட்டி, “ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கண்ணு லாரி வந்து வந்து போச்சு, நீங்க சொல்லித்தான் கொட்டறாங்கன்னு இருந்துட்டேன்” என்கிறார்.

குவாரியிலிருந்து முறையாக வரும் கிராவலுக்கு லோடுக்கு லோடு நடைச்சீட்டு (ஏற்றிப் போக அனுமதிச் சீட்டு) இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கடைசியில் கேட்டபோது ஒன்றுகூட இல்லை. அரை அடி, முக்கால் அடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டிய பிறகுதான் அடுத்த அடுக்கு போட வேண்டும், அதற்கு வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், லீவு போட்டாவது நில்லுங்கள்.

இன்னொன்று, முள்ளு வாரும் முன் நான்கு மூலை அத்துக்கல்லையும் (எல்லைக்கல்) போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே அளந்து எழுதி வையுங்கள். எங்கள் வடகிழக்கு மூலைக் கல்லைப் பொக்லைன் பெயர்த்துவிட, அவர்களே குத்துமதிப்பாகத் திருப்பி நட்டிருக்கிறார்கள். ஒன்றேகால் அடி தள்ளி, பக்கத்து மனைக்குள். பிளானில் காட்டிய பக்க இடைவெளியே அந்தக் கல்லை வைத்துத்தான், அதனால் வேலையை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து மனைக்காரர் கேட்டது நியாயம்தான்.

கிராவல் அடித்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. சர்வேயர் வந்து அளக்க மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதுவரை வாணம் திறந்தபடி கிடக்கிறது, நேற்று ராத்திரி மழையில் இன்னொரு பக்கமும் சரிந்துவிட்டது.