திருமங்கலம் சந்தைப்பக்கம் இருக்க ஆட்டு மருந்துக்கடை: நாலு ஸ்டார்

செம்மறி, வெள்ளாடு வச்சிருக்கவங்க இந்தக் கடைக்கு ஒருக்கா போய்ட்டு வாங்க. ஆனா வெள்ளிக்கிழமை சந்தை அன்னைக்கு மட்டும் போயிராதீங்க, நிக்க எடம் இருக்காது, கடைக்கார அண்ணனுக்கும் பேச நேரம் இருக்காது.

மத்த கடையில குடற்புழு மருந்துன்னு கேட்டா பாட்டில எடுத்து வச்சுட்டு காச வாங்கிப் போட்ருவாங்க, இவரு எத்தன உருப்படி, என்ன எடை, சினை ஆடு இருக்கா, எத்தன மாசம்னு எல்லாம் கேட்டுத்தான் தருவாரு, இளஞ்சினைன்னா அல்பெண்டசோல்ங்கிற புழு மருந்தத் தரவே மாட்டாரு. நான் ஒரு கிடாய ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிருந்தேன், தாடைக்குக் கீழ நீர் கோத்துத் தொங்குச்சு. கீழ் இமைய கட்டவெரலால இறக்கிப் பாத்தாரு, செவப்பா இருக்க வேண்டிய எடம் காகிதமா வெளுத்துக் கெடக்கு. ரத்தம் குடிக்கிற வயித்துப்புழு, ஹீமான்கஸ்னாரு. மந்தை பூராத்துக்கும் ஊத்தாதீங்க, கண்ணு வெளுத்ததுக்கு மட்டும் ஊத்துங்க, எல்லாத்துக்கும் ஊத்துனா மருந்துக்கு மசியாத புழுதான் மிஞ்சும்னு சொல்லி சின்ன பாட்டிலா குடுத்து அனுப்புனாரு. யாவாரத்த விட்டுட்டு இப்படிப் பேசுற ஆளு எங்கங்க இருக்கான்?

துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி இருக்கே, இந்தப் புழுவுக்கு இல்லையாண்ணேன்னு கேட்டேன். "ஆஸ்திரேலியாவுல இருக்கு தம்பி"ன்னாரு. வீட்டுக்கு வந்து தேடுனா நெசந்தான், பார்பர்வேக்ஸ்னு 2014ல அங்க வந்துருக்கு, ஸ்காட்லாந்து மோர்டன் ஆராய்ச்சி நிலையத்து வேலை. புழுவோட குடல் சுவர்ல இருக்க புரதத்த எடுத்து ஆட்டுக்குப் போடுறாங்க, ஆட்டு ரத்தத்துல அதுக்கு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம் ஊறுது, புழு ரத்தத்த உறிஞ்சுறப்ப ஆன்டிபாடியும் சேந்து உள்ள போயி அது குடல்லயே ஒட்டிக்கிது, குடிச்சது செரிக்காம முட்டை போடுறதும் கொறஞ்சு போகுது. குடிக்கிற ரத்தத்துலயே வேட்டு வைக்கிறான் பாருங்க!

ஆனா புழு வந்த ஆட்டுக்கு இந்த ஆன்டிபாடி தானா ஊறாது, புழுவோட குடல ஆட்டு உடம்பு எங்க பாத்துச்சு? அதனால மொதல்ல மூணு ஊசி, அப்பறம் ஆறு வாரத்துக்கு ஒருக்கான்னு போட்டுக்கிட்டே இருக்கணும். அந்தப் புரதத்தயும் ஆட்டு வயித்துல இருந்து எடுத்த நெசப் புழுவுல இருந்துதான் பிரிக்கணுமாம்.

இவ்வளவு விவரம் தெரிஞ்ச மனுசன் கடையிலயே ஒரு கூத்து. அண்ணன் சாப்பிடப் போன நேரம் கல்லாவுல இருந்த பையன் இம்யூனிட்டி டானிக்னு ஒன்ன நீட்டி, "இத ஊத்துங்க, புழுவே அண்டாது"ங்கிறான். லேபிளப் பாத்தா வைட்டமினும் தாது உப்பும். தீனி நல்லா இருந்தா ஆடு புழுவத் தாங்கும், அது வாஸ்தவம், அதுக்குன்னு புழுவே வராதுன்னு விக்கிறதா? ஒரு ஸ்டார் அதுக்குத்தான் போச்சு.

ஜிபே இருக்கு. மருந்து ஊத்த ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சும் அங்கயே கெடைக்கும், கேட்டு வாங்கிக்கங்க.