“டென்னிஸ் ஆடினா அமெரிக்கால ஃப்ரீ படிப்பு” என்று சொல்லி எங்களிடம் வாங்கிய ரூ.4,75,000

“ரீஃபண்ட் பாலிசி கிடையாது மேடம்” என்று நேற்று மெயில் வந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டென்னிஸ், நீச்சல், ஸ்குவாஷ், கோல்ஃப் என்று பிள்ளைகளைக் கோச்சிங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற பெற்றோர் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

போனது ரூ.4,75,000. வாங்கியது சென்னையில் இருக்கும் ஒரு கன்சல்டன்சி. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. ஜூனியர் டோர்னமென்ட் நடக்கும் இடங்களில் பேனர் கட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்களே, “அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப், 100% இலவசக் கல்வி” என்று, அந்த ரகம்.

என் மகன் நன்றாக ஆடுவான். ஆனால் நாட்டின் முதல் இருபது பேரில் ஒருவன் இல்லை. அது எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவர்களிடமும் அதைத்தான் முதலில் சொன்னோம். உரிமையாளரே வந்து பேசினார். அவரும் பழைய ஆட்டக்காரர். மார்க் ஷீட்டை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, பையனின் ராக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கிரிப் யார் சுத்தினது?” என்றார். “நான்தான் சார்” என்றான். “தன் கிரிப்பைத் தானே சுத்திக்கிற பையன் காலேஜ் டீம்ல நிப்பான் மேடம். நான் சொல்றேன், நாலு வருஷமும் உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல.” பையன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எந்தத் தாய்க்கும் அந்த இடத்தில் கை பேனாவைத் தேடத்தான் செய்யும்.

சுவர் முழுக்கப் போட்டோக்கள். கல்லூரி ஜெர்சியில் சிரிக்கும் பிள்ளைகள், ஒவ்வொன்றின் கீழும் “ஃபுல் ரைடு”, அதாவது படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம், என்று தங்க நிற ஸ்டிக்கர். என் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றார். இன்று கையெழுத்துப் போட்டால்தான் பழைய ரேட் என்றார்கள். அன்றே ரூ.75,000 பதிவுக் கட்டணம். அடுத்த மாதம் பேக்கேஜ் என்று ரூ.4,00,000. என் பி.எஃப். பணத்திலிருந்து எடுத்தது.

சரி, என்ன கிடைத்தது? பல மாதம் இழுத்தடித்த பிறகு நடுமேற்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் சின்னத் தனியார் கல்லூரியிடமிருந்து கடிதம். டிவிஷன் 2, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று படிகளில் நடுப்படி. வருடச் செலவு மொத்தம் 42,000 டாலர். டென்னிஸுக்காக 9,000 டாலர், மார்க்குக்காக 8,000 டாலர். மீதி 25,000 டாலர் நாங்கள் கட்ட வேண்டும். இன்றைய ரேட்டில் வருடத்துக்கு 21 லட்சத்துக்கு மேல். விமான டிக்கெட், விடுமுறையில் தங்கும் செலவு, மருத்துவ இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். எஃப்-1 மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வேண்டும் என்றால் முதல் வருடத்துக்கான அந்தப் பணம் எங்களிடம் இருப்பதற்குப் பேங்க் பேப்பர் காட்ட வேண்டும். “ஒரு பைசா செலவு இல்ல” என்றவர்களுக்குப் போன் போட்டால், “இது சூப்பர் ஆஃபர் மேடம், கங்கிராட்ஸ்!” என்கிறாள் கவுன்சலர் பெண்.

அதற்குப் பிறகுதான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து என்.சி.ஏ.ஏ. விதிகளைப் படித்தேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துகிற அமைப்பு அதுதான். எல்லாம் பொதுவில் கிடைக்கிறது. அவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

முதல் விஷயம், டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் தருவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. எங்களோடு அன்றைக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு ஸ்குவாஷ் பையன். “ஐவி லீக் ஸ்குவாஷ் ஸ்காலர்ஷிப்” என்று அவர்களிடம் தனி பேக்கேஜ் விற்றிருக்கிறார்கள். இல்லாத சரக்குக்கு விலை!

இரண்டாவது விஷயம்தான் எனக்கு அடிவயிற்றில் எரிகிறது. டிவிஷன் 1-இல் பல வருடங்களாக இருந்த கணக்கு இது. ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) பெரிய டீமுக்கு 85 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் கூடைப்பந்துக்கு 13. பெண்களில் கூடைப்பந்துக்கு 15, வாலிபாலுக்கு 12, டென்னிஸுக்கு 8. இந்த விளையாட்டுகளில் வாங்குகிறவருக்கு அனேகமாக முழுசாகவே கிடைக்கும். ஆண்கள் டென்னிஸுக்கு? நாலரை. ஒரு டீமுக்கே நாலரை பேருக்கான பணம்தான். ஒரு மேட்சில் ஆறு சிங்கிள்ஸ், மூன்று டபுள்ஸ், டீமில் எட்டு முதல் பத்துப் பேர். அந்த நாலரையைக் கோச் தன் இஷ்டத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவனுக்கு 60 சதவீதம், இன்னொருவனுக்கு 20, கடைசி ஆளுக்குப் புத்தகக் காசு. டிவிஷன் 2-இலும் ஆண்கள் டென்னிஸுக்கு அதே நாலரைதான். அதையும் எல்லாக் கல்லூரியும் முழுசாகக் கொடுப்பதில்லை. ஏன் இப்படி என்றால், 1972-இல் வந்த டைட்டில் 9 சட்டப்படி ஆண் பெண் இரு பக்கமும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். ஃபுட்பால் 85-ஐ விழுங்கிவிடுவதால் அதற்கு ஈடாகப் பெண்கள் விளையாட்டுகளில் இடம் கூடியது, ஆண்களின் சின்ன விளையாட்டுகளில் சுருங்கியது.

இதைப் படித்துவிட்டு, அந்த ஆபீஸில் பையனை நிற்க வைத்து நாங்கள் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் தெரிந்த “ஃபுல் ரைடு” முகங்களில் ஒன்றைத் தவிர எல்லாரும் பெண் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைத்தது உண்மையாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அந்தப் போட்டோக்களைக் காட்டித்தான் பையன்களின் பெற்றோரிடம் பணம் வாங்குகிறார்கள். ரூ.4,75,000.

இதைக் கேட்டதற்கு உரிமையாளர் சொன்ன பதில், “அதெல்லாம் பழைய ரூல் மேடம், இப்ப ஹவுஸ் செட்டில்மென்ட் வந்தாச்சு, பத்து பேருக்கும் ஃபுல் குடுக்கலாம்.” பாதி உண்மை. விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட வழக்கில் 2025 ஜூனில் கோர்ட் ஒப்புதல் கொடுத்த சமரசம் அது. அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்குப் பழைய உச்சவரம்பு போய், டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. டென்னிஸுக்குப் பத்து. ஆனால் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதே சமரசப்படி கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம், முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரி சுமார் 2 கோடி டாலர் வரை. அது முக்கால்வாசி எங்கே போகும்? ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும். போதாததற்கு, எங்களுக்கு வந்த கல்லூரி டிவிஷன் 2. அந்தச் சமரசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“நாலு வருஷம்” என்றாரே, கடிதத்தில் தெளிவாக ஒரு கல்வியாண்டுக்கு என்று போட்டிருந்தது. 1973-இலிருந்து ஒரு வருட ஸ்காலர்ஷிப்தான் நடைமுறை. பல வருடங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 2012-இல் தான் திரும்ப அனுமதித்தார்கள், அதுவும் கல்லூரியின் விருப்பம். பெரிய கான்ஃபரன்ஸ்கள், அதாவது பெரிய கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்புகள், 2015-இல், ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தன. டிவிஷன் 2 கல்லூரிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தோள்பட்டை போனாலோ, புது கோச் வந்தாலோ அடுத்த வருடம் நிற்கும். ஜூலை 1-க்குள் எழுத்தில் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். மகன் முதல் வருடம் முடித்திருப்பான், நாங்கள் 21 லட்சம் கட்டியிருப்போம்.

உண்மையாகவே முழுசாகக் கிடைத்தவர்களுக்கும் சும்மா வருவதில்லை. பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் உச்சவரம்பு என்பது டிவிஷன் 1 விதி. பயணமும் சிகிச்சையும் அதில் சேராது. ஸ்காலர்ஷிப்பில் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் பகுதிக்கு அமெரிக்காவில் வரி உண்டு, எஃப்-1 மாணவர்களிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். இதை எந்த ஸ்டாலிலும் சொல்ல மாட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட ஏதோ படிப்பினை என்று விட்டிருப்பேன். கல்லூரியின் விதிமுறைப் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. உங்களுக்கு யாராவது ஏஜென்ட் உதவினார்களா, கட்டணம் கொடுத்தீர்களா, எந்த அடிப்படையில் என்று கேட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைத் தேடிப் பார்த்தால், பொடி எழுத்தில், “பெறப்படும் ஸ்காலர்ஷிப் தொகையில் 8 சதவீதம் சக்சஸ் ஃபீ.” பிள்ளையின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பித்தர ஒரு ஏஜென்ட் கட்டணம் வாங்கலாம். ஆனால் அது ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதைப் பொறுத்த கட்டணமாக இருக்கக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. விதி. மீறினால் பையன் விளையாடும் தகுதிக்கே ஆபத்து. இதை அவர்களிடம் கேட்டேன். கவுன்சலர் சொன்ன பதில் அப்படியே: “அதை காலேஜ்கிட்ட சொல்லிக்காதீங்க மேடம். யாரும் சொல்றதில்ல.” என் பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்கிறாள்!

அப்போதுதான் அவர்கள் கோச்சுகளுக்கு அனுப்பிய மெயில்களைக் காட்டச் சொல்லி வற்புறுத்தினேன். ஒன்றை ஃபார்வர்டு செய்தார்கள். ஒரே மெயிலை அடுக்கடுக்காக எல்லாருக்கும் தட்டிவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது பத்தியில் வேறு ஏதோ பையனின் பெயர் அப்படியே கிடக்கிறது. என் மகனுடைய யூ.டி.ஆர்., அதாவது டென்னிஸ் ஆட்டத் திறனுக்கான தர எண், 9.2. மெயிலில் 10.4. அந்த எண்ணை எந்தக் கோச்சும் தளத்தில் போய் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். பையன் பொய்யன் என்று நினைத்து எத்தனை பேர் மூடி வைத்தார்களோ. இந்த வேலைக்கு ரூ.4,75,000. கோச்சுகளின் மெயில் முகவரி ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்திலும் சும்மா போட்டிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் “அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டு சொல்றோம்.” அப்புறம் “சார் அமெரிக்கா டூர்ல இருக்கார்.” அப்புறம் அந்தக் கவுன்சலர் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். புதிதாக வந்தவன் முதலிலிருந்து கதை கேட்டான். பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் ஒரே ஒரு கேள்வி போட்டேன், கால் மணி நேரத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். நேரில் போனால் ரிசப்ஷன் பெண் காபி கொடுத்து உட்கார வைக்கிறாள். உள்ளே அவர் இன்னொரு பையனின் ராக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக நன்றாகத் தெரிகிறது.

பிறகு வந்தது பில். 9,000-மும் 8,000-மும் சேர்த்து 17,000 டாலர், நாலு வருடத்துக்கு 68,000, அதில் 8 சதவீதம் 5,440 டாலர் சக்சஸ் ஃபீ கட்டச் சொல்லி. ஒரு வருடக் கடிதத்துக்கு நாலு வருடக் கணக்கு. பையன் படித்து வாங்கிய மார்க்குக்குக் கிடைத்த 8,000-த்திலும் பங்கு. அந்தக் கல்லூரியில் சேரவே இல்லை என்று எழுதினேன். அதற்குத்தான் நேற்றைய “ரீஃபண்ட் பாலிசி கிடையாது.”

மகன் இங்கேயே ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்துவிட்டான். டீமில் இருக்கிறான். அதைப் பற்றி வேறொரு நாள்.

என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. “ஃபுல்” என்று சொன்னால் எந்த டிவிஷன், எந்த விளையாட்டு, ஆணா பெண்ணா, எத்தனை வருடம், டாலரில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சதவீதக் கணக்கில் கட்டணம் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கோச்சுக்குப் பிள்ளையே மெயில் எழுதட்டும், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். பணம் போயிருந்தால் ரசீது, வாட்ஸாப், மெயில் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னுடையது ரூ.4,75,000, அதனால் அந்த ஒரு செலவு மிச்சம். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. சக்சஸ் ஃபீ பில் வந்தால் கட்டாதீர்கள். நான் கட்டவில்லை.